விசைப்பலகையின் மூன்று விளக்குகள்

கணினி பழுதுபார்க்கும் கடையில் அரை மணி நேரம் காத்திருந்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். திரை அசைவற்று உறைந்துபோன கணினியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்ததும், பழுது பார்ப்பவர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பாக, விசைப்பலகையின் வலப்பக்கத்து நம்லாக் விசையை இரண்டு மூன்று தடவை தட்டிப் பார்ப்பார். தட்டுந்தோறும் அதற்குரிய சின்னஞ்சிறு விளக்கு எரிந்தும் அணைந்தும் காட்டினால், "உயிர் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்பார். விளக்கு நின்ற நிலையிலேயே நின்றுவிட்டால், மறுபேச்சின்றி மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்குவார். வைத்தியர் நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்ப்பதற்கு ஒப்பான இந்தப் பரீட்சையை அவர் யாரிடமும் பாடமாகக் கேட்டிருக்க மாட்டார். அநுபவத்தில் பலிப்பதைக் கண்டு பழகிக்கொண்டிருப்பார்.

அது ஏன் பலிக்கிறது என்று ஒரு கணம் நின்று யோசிப்பவர்களுக்குத்தான் அதிலுள்ள ஆச்சரியம் புலப்படும். அழுத்தப்படும் விசை பலகையின்மேல் இருக்கிறது. எரியும் விளக்கும் அதே பலகையின்மேல், விசைக்கு நாலு விரற்கடைத் தூரத்தில் இருக்கிறது. வீட்டுச் சுவரில் உள்ள பொத்தானை அழுத்தினால் கம்பியால் அதனோடு இணைந்த விளக்கு எரிவதைப் போலவே, இந்த விசைக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு கம்பி ஓடுகிறது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படி ஒரு கம்பி இருக்குமானால், கணினி எவ்வளவுதான் செயலற்றுக் கிடந்தாலும், மின்சாரம் உள்ளவரையில் விளக்கு விசைக்குக் கட்டுப்பட்டே தீர வேண்டும். கட்டுப்படவில்லை என்பதே, இரண்டுக்கும் நேரான சம்பந்தம் கிடையாது என்பதற்குப் பிரத்தியட்சமான சாட்சியாகும். இன்னும் ஒரு சாட்சி வேண்டுவோர், ஒரே கணினியில் இரண்டு விசைப்பலகைகளை இணைத்து, ஒன்றில் கேப்ஸ்லாக் விசையை அழுத்தட்டும்; விண்டோஸிலும், லினக்ஸின் எழுத்து முனையத்திலும், விரலே படாத மற்றொரு பலகையின் விளக்கும் எரிவதைக் காண்பார்கள். விசை கொடுப்பது விண்ணப்பம். விளக்கு காட்டுவது அந்த விண்ணப்பத்தின்மேல் கணினி பிறப்பித்த உத்தரவு. இந்த ஒன்றை மனத்தில் வாங்கிக்கொண்டால், பின்னால் வருவன எல்லாம் தாமே விளங்கும்.

ஆதியில் இந்த விளக்குகள் இருக்கவில்லை. 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியின் பலகையில் 83 விசைகள் இருந்தன. கேப்ஸ்லாக்கும் நம்லாக்கும் அவற்றுள் அடக்கம். ஆனால் விளக்கு ஒன்றுகூட இல்லை. பெரிய எழுத்து வருமா, சின்ன எழுத்து வருமா என்பதை, ஓர் எழுத்தைத் தட்டித் திரையில் பார்த்துத்தான் அறிய வேண்டியிருந்தது. அந்தப் பலகைக்கும் கணினிக்கும் நடந்த பேச்சு ஒருவழிப் பேச்சு: பலகை சொல்லும், கணினி கேட்கும், அவ்வளவே. அழுத்தங்களைப் பலகையே எண்ணிக்கொண்டு தன் விளக்கைத் தானே ஏற்றி அணைத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். ஆனால் விசையை யாரும் தொடாமலேயே, கணினியில் ஓடும் ஒரு நிரல் கேப்ஸ்லாக் நிலையை மாற்றிவிடக் கூடுமாதலால், அத்தகைய விளக்கு சில வேளை பொய்யுரைக்கும். உண்மை நிலை கணினியின் நினைவில் இருக்கும்போது, அதை அறிவிக்கும் அதிகாரமும் கணினிக்கே இருக்க வேண்டும். 1984இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கணினியில் இந்தக் குறை நீங்கிற்று. பலகைக்கும் கணினிக்கும் இடையே இருவழிப் பேச்சு ஏற்பட்டது. அதனோடு கூடவே கேப்ஸ்லாக், நம்லாக், ஸ்க்ரோல்லாக் என்னும் மூன்றுக்கும் மூன்று விளக்குகள் பலகையின்மேல் இடம்பெற்றன.

அந்தப் பேச்சு எப்படி நடக்கிறது என்பதைக் கிட்ட இருந்து பார்ப்போம். மின்சாரம் வந்தவுடன் பலகை தன்னைத்தானே ஒருமுறை சோதித்துக்கொள்கிறது; அப்போது மூன்று விளக்குகளும் ஒருங்கே மின்னி மறைவதை நாம் கவனித்திருப்போம். சோதனையில் தேறியதும் 170 என்ற எண்ணைக் கணினிக்கு அனுப்பி, தான் ஆயத்தம் என்று தெரிவிக்கிறது. பின்பு நாம் கேப்ஸ்லாக்கை அழுத்தினால், அந்த விசைக்குரிய எண்ணாகிய 88 போகிறது. "பெரிய எழுத்து" என்ற எண்ணமே பலகைக்கு இல்லை. இத்தனையாவது விசை அழுத்தப்பட்டது என்பதோடு அதன் கடமை முடிந்தது. கணினி தன் கணக்கில் கேப்ஸ்லாக் நிலையை மாற்றி எழுதிக்கொண்டு, 237 என்ற எண்ணைப் பலகைக்குத் திருப்பி அனுப்புகிறது. "விளக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லப் போகிறேன்" என்பது அதன் பொருள். பலகை 250 என்று விடையளிக்கிறது. "கேட்டுக்கொண்டேன்" என்பது அதன் பொருள். உடனே கணினி 4 என்கிறது. பலகை மறுபடியும் 250 என்று சொல்லிவிட்டு, கேப்ஸ்லாக் விளக்கை ஏற்றுகிறது.

இந்த 4 எங்கிருந்து வந்தது? தராசுக் கடையில் ஒரு கிலோ, இரண்டு கிலோ, நாலு கிலோ என மூன்றே படிக்கற்களை வைத்துக்கொண்டு ஒன்று முதல் ஏழு கிலோ வரை எதையும் நிறுத்துவிடலாம் அல்லவா? அவ்வாறே ஸ்க்ரோல்லாக்குக்கு 1, நம்லாக்குக்கு 2, கேப்ஸ்லாக்குக்கு 4 என்று மதிப்பு வைத்திருக்கிறார்கள். கேப்ஸும் நம்மும் சேர்ந்து எரிய வேண்டுமானால் 6. மூன்றும் எரிய 7. மூன்றும் அணைய 0. ஒவ்வோர் எண்ணும், தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் பிட்டுகளும் பிழை காட்டும் பிட்டும் சேர, ஏறத்தாழப் பதினொரு பிட்டு நீளமுள்ள அணியாகக் கம்பியில் செல்கிறது. ஓர் எண் கடந்துசெல்ல ஆகும் நேரம் விநாடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. விரல் விசையை விட்டு எழுவதற்குள் விண்ணப்பமும் விசாரணையும் உத்தரவும் ஒப்புதலும் முடிந்துவிடுவதால்தான், நடுவே ஒரு சம்பாஷணை நடந்ததென்பதே நமக்குத் தெரியாமற் போகிறது.

இன்று பெரும்பாலும் வழங்கும் யூ.எஸ்.பி. பலகைகளில் பேச்சின் உருவம் மாறியிருக்கிறது, தத்துவம் மாறவில்லை. அங்கும் ஒரு பைட் அளவுள்ள செய்தியைக் கணினி பலகைக்கு அனுப்புகிறது. ஆனால் படிக்கற்களின் வரிசை வேறு. நம்லாக் 1, கேப்ஸ்லாக் 2, ஸ்க்ரோல்லாக் 4 என்பதே யூ.எஸ்.பி. வகுத்த முறை. எந்தப் பலகை எந்த வரிசையை எதிர்பார்க்கிறது என்பதை அறிந்து மொழிபெயர்க்கும் பொறுப்பை இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் ஏற்றுக்கொள்வதால், நாம் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கணினியின் உத்தரவினால்தான் விளக்கு எரிகிறது என்றால், அந்த உத்தரவைப் பிறப்பிக்கும்படி நாமே ஏன் கணினியிடம் சொல்லக் கூடாது? சொல்லலாம். லினக்ஸ் இயங்குதளத்தில் அதற்கென்றே செட்லெட்ஸ் என்னும் சிறு நிரல் ஒன்று உண்டு. சன்னல்களும் சுட்டியும் இல்லாத கறுத்த எழுத்து முனையத்தில், அந்தப் பெயரை மட்டும் தட்டி என்டர் விசையை அழுத்தினால், அது மூன்று வரிகளைத் திரையில் எழுதிக் காட்டும். முதல் வரி, முனையத்தைத் துடைத்துப் புதிதாக்கும்போது எந்த நிலைக்குத் திரும்ப வேண்டும் என்னும் இயல்புக் கணக்கு. இரண்டாம் வரி, இந்தக் கணத்தில் கேப்ஸ்லாக் முதலியவை உண்மையில் எந்த நிலையில் இருக்கின்றன என்னும் நடப்புக் கணக்கு. மூன்றாம் வரி, விளக்குகள் எரிகின்றனவா, அணைந்திருக்கின்றனவா என்னும் தோற்றக் கணக்கு. நிலை வேறு, அதன் அறிவிப்பு வேறு என்று மேலே நாம் யுக்தியால் கண்டதை, இந்த மூன்று வரிகள் ஏடு திறந்து காட்டிவிடுகின்றன.

இந்தக் கணக்குகளை மாற்றும் முறையும் எளிது. எரிய வேண்டியதற்குக் கூட்டற்குறி, அணைய வேண்டியதற்குக் கழித்தற்குறி. "செட்லெட்ஸ் +நம்" என்று இட்டால் நம்லாக் நிலையும் மாறும், விளக்கும் எரியும். "செட்லெட்ஸ் -கேப்ஸ்" என்று இட்டால் பெரிய எழுத்து நிலை நீங்கி விளக்கும் அணையும். கழித்தற்குறியோடு "டி" என்ற எழுத்தைச் சேர்த்தால், இயல்புக் கணக்கும் கூடவே திருத்தப்படும். கணினி தொடங்கும்போதே எல்லா முனையங்களிலும் நம்லாக் இயங்க வேண்டுமென விரும்பியவர்கள், நெடுநாளாக இந்த உத்தியைத்தான் தொடக்க நிரலில் எழுதிவைத்து வந்தார்கள். லினக்ஸில் ஒவ்வொரு முனையத்துக்கும் தனித்தனிக் கணக்கு உண்டென்பதும் இங்கே கருதத் தக்கது: ஒரு முனையத்தில் கேப்ஸ்லாக்கை ஏற்றிவிட்டு அடுத்த முனையத்துக்குத் தாவினால் விளக்கு அணைகிறது, திரும்பி வந்தால் தானே எரிகிறது.

எல்லாவற்றினும் சுவையுள்ளது "எல்" என்ற எழுத்தைச் சேர்க்கும் பிரயோகம். "செட்லெட்ஸ் -எல் +கேப்ஸ்" என்று இட்டால், நிலை சிறிதும் மாறாமல் விளக்கு மட்டும் எரியும். எழுத்துகளைத் தட்டிப் பார்த்தால் சின்ன எழுத்துகளே வருகின்றன. விளக்கோ பெரிய எழுத்து என்று சாதிக்கிறது. அந்தக் கணம் முதல் விளக்கு விசையின் நிலையைச் சொல்லும் கடமையிலிருந்து விடுபட்டு, நாம் எதைச் சொல்லச் சொல்கிறோமோ அதைச் சொல்லும் தூதனாகிவிடுகிறது. வேறு சொல் எதுவும் சேர்க்காமல் "செட்லெட்ஸ் -எல்" என்று மட்டும் இட்டால், பழைய கடமைக்குத் திரும்பிவிடுகிறது.

தூதன் கிடைத்தால் அனுப்பச் செய்தியா இல்லை? இரண்டு மணி நேரம் ஓடும் ஒரு கணக்கு வேலையை முடுக்கிவிட்டு, அதன் இறுதியில் ஸ்க்ரோல்லாக் விளக்கை ஏற்றும் கட்டளையைச் சேர்த்து வைத்தால், திரையை அணைத்துவிட்டு வேறு காரியம் பார்ப்பவர் அறையின் மறு கோடியிலிருந்தே வேலை முடிந்ததை அறியலாம். டிலெட்ஸ் என்னும் நிரல், வலையமைப்பில் தகவல் உள்ளே வரும்போது ஒரு விளக்கையும் வெளியே போகும்போது மற்றொரு விளக்கையும் சிமிட்டச் செய்தது. சன்னல்கள் கொண்ட வரைகலைச் சூழலில் செட்லெட்ஸ் செல்லாது. அவற்றுள் எக்ஸ் என்னும் சன்னல் சூழலில் எக்ஸ்செட் என்னும் மற்றொரு கட்டளை இதே பணியைச் செய்கிறது. சாதனங்களையும் கோப்புகளாகப் பாவிக்கும் யூனிக்ஸ் மரபுக்கு ஏற்ப, இக்கால லினக்ஸில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு சிறு கோப்பு இருக்கிறது. நிர்வாகியின் உரிமையுடையவர் அதில் 1 என்று எழுதினால் விளக்கு எரியும், 0 என்று எழுதினால் அணையும். "ஹார்ட்பீட்" என்ற சொல்லை அதன் பக்கத்துக் கோப்பில் எழுதிவிட்டால், விளக்கு இருதயத்தைப் போல இரட்டைத் துடிப்பாகத் துடிக்கத் தொடங்கும். கணினியின் வேலைச்சுமை ஏறினால் துடிப்பும் விரைவுபடும். கெர்னலே மீள முடியாத பிழையில் சிக்கிச் செயலிழக்கும் தருணத்தில், பழைய வகை இணைப்புள்ள பலகைகளில், கேப்ஸ்லாக் விளக்கும் ஸ்க்ரோல்லாக் விளக்கும் ஒன்றாகச் சிமிட்டி அபாயத்தை அறிவிக்கின்றன. பழுது பார்ப்பவர் நாடி பார்த்ததாகச் சொன்னது வெறும் உவமை அன்று என்பது இங்கே தெளிவாகும்.

தமிழில் எழுதுவோருக்கு இந்த விளக்கினால் ஆகும் உபகாரம் ஒன்றைச் சொல்லாமல் விடுவது தகாது. யூ.எஸ்.பி. வகுத்த விளக்குகள் உண்மையில் மூன்று அல்ல, ஐந்து. ஐந்தாவது, ஜப்பானியரின் கானா எழுத்து நிலையைக் காட்டுவதற்கு என்றே ஒதுக்கப்பட்டது. தமிழுக்கு அப்படி ஒரு விளக்கு ஒதுக்கப்படவில்லை. சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசை அமைப்பில் தட்டெழுதுகிறவர், ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் ஒரு நாளில் நூறு தடவை மாற வேண்டியிருக்கிறது. ஹெச் என்று பொறித்த விசை ஒரு சமயம் ஆங்கில எழுத்தையும், மறு சமயம் "க" என்பதையும் தருகிறது. எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்து, அரை வாக்கியம் தட்டியபின் நிமிர்ந்து பார்த்து, பொருளற்ற எழுத்துக் குவியலைக் கண்டு வருந்தாத தமிழ் எழுத்தாளர் இருக்க முடியாது. கடவுச்சொல்லில் இந்தத் தவறு நேர்ந்தால் இன்னும் சங்கடம். அங்கே திரையில் புள்ளிகள் அன்றி வேறொன்றும் தெரிவதில்லை. ஆனால் விளக்கு கணினியின் சொற்படி எரிவது என்பதால், வேலையின்றிக் கிடக்கும் ஸ்க்ரோல்லாக் விளக்கைத் தமிழுக்கு நாமே ஒதுக்கிக்கொள்ளலாம். எக்ஸ் சன்னல் சூழலில் விசை அமைப்பை நிறுவும் செட்எக்ஸ்கேபிமேப் என்னும் கட்டளையோடு, இரண்டாம் அமைப்பு இயங்கும்போது ஸ்க்ரோல்லாக் விளக்கு எரியட்டும் என்னும் விருப்பத்தை ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும். அதன்பின் விளக்கு எரிந்தால் தமிழ், அணைந்தால் ஆங்கிலம். யாரோ எங்கோ தமிழுக்கென்று ஒரு விளக்கு செய்து தர வேண்டுமென்று காத்திராமல், இருக்கும் விளக்கின் இயல்பை அறிந்ததனாலேயே நமக்கு அது கிடைத்துவிடுகிறது.

நன்மைக்கு உதவும் அதே குணம் தீமைக்கும் உதவக்கூடும். அதற்கு மூலகாரணம் விளக்கின் பௌதிக இயல்பில் இருக்கிறது. பழைய இழைவிளக்கு சூடேறி எரிவது; மின்சாரம் நின்றாலும் இழை ஆறும் வரையில் ஒளி தேங்கி நிற்கும். விசைப்பலகையில் இருப்பதோ ஒளியுமிழ் டையோடு. இரண்டு வகைக் குறைகடத்திகள் பொருந்தும் எல்லையில், எலெக்ட்ரான்கள் தமக்குரிய வெற்றிடங்களில் சென்று விழும்போது விடுபடும் ஆற்றலே அங்கு ஒளியாகிறது. நடுவே வெப்பம் ஏறி இறங்கும் தாமதம் இல்லை. கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு ஒளி தரும் டையோடை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹொலொன்யாக் 1962இல் உருவாக்கினார். நம் கண்ணால் பின்தொடர இயலாத வேகத்தில் அது எரிந்து அணையவல்லது; நிலையாக எரிவதுபோல் நமக்குத் தோன்றும் விளக்கினுள், ஒரு முழுச் செய்தி ஓடிக்கொண்டிருக்க இடமுண்டு.

நீல் ஸ்டீவன்சன் 1999இல் வெளியிட்ட கிரிப்டோனாமிகான் என்னும் நாவலில், சிறையில் தன் திரை ஒற்றறியப்படுகிறது என்று ஐயுறும் ஒருவன், விசைப்பலகை விளக்கை மோர்ஸ் சங்கேதத்தில் சிமிட்டச் செய்து தகவலைப் படித்துக்கொள்கிறான். கதையில் தற்காப்பாக வந்தது, ஆராய்ச்சியில் அபாயமாகத் தெரிந்தது. ஜோ லோரி, டேவிட் அம்ஃப்ரெஸ் என்னும் இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தகவல் தொடர்புச் சாதனங்களின் முகப்பு விளக்குகளிலிருந்து, அவற்றின் வழியே செல்லும் தரவை எட்ட நின்றே படித்துவிட முடியும் என்று நிலைநாட்டியதோடு, விசைப்பலகை விளக்குகளையும் இரகசியக் கடத்தலுக்குப் பயன்படுத்தலாம் என்று எடுத்துக்காட்டினார்கள். இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் மொர்தெகாய் கூரி குழுவினர் 2019இல் இதை இக்கால யூ.எஸ்.பி. பலகைகளில் சோதித்தார்கள். ஒளியுணரி கொண்டு படித்தால் ஒரு விளக்கிலிருந்து விநாடிக்கு 3,000 பிட் வரையிலும், கைப்பேசியின் கேமராவால் படித்தால் 120 பிட்டுக்கு மேலும் தகவல் பெறலாம் என்று கண்டார்கள். யூனிகோடின் யூ.டி.எஃப்-8 முறையில் "க" என்னும் ஓர் எழுத்துக்கு 24 பிட் வேண்டும். ஆகவே விநாடிக்கு ஐந்து எழுத்து வீதம், யாதொரு வலையமைப்போடும் இணைக்காமல் தனியே பூட்டிவைத்த கணினியிலிருந்தும், உள்ளே புகுந்துவிட்ட தீநிரல் ஒன்று சன்னல் வழியே கடிதம் எழுத முடியும். இத்தகைய கணினிகளைக் காப்பவர்கள், விளக்கின்மேல் ஒரு துண்டு கறுப்பு நாடாவை ஒட்டிவைப்பது இக்காரணத்தை முன்னிட்டே. கண்ட நிரலுக்கு நிர்வாகி உரிமையை வாரி வழங்கலாகாது என்ற பழைய விவேகத்துக்கும் இங்கே புதிய நியாயம் கிடைக்கிறது.

ஒரு பொருளை நாள்தோறும் தொட்டுப் பழகுவதும், அதன் தத்துவத்தை அறிவதும் ஒன்றல்ல. விசைக்கும் விளக்குக்கும் இடையில் கம்பி இருக்கிறதென்று எண்ணியவரையில், அந்த விளக்கினால் நமக்குக் கிடைத்தது ஒரே ஒரு செய்தி. இடையில் இருப்பது கணினியின் சொல் என்று தெரிந்தவுடன், அது நாடியாயிற்று, தூதனாயிற்று, தமிழுக்கு அடையாளமாயிற்று, காக்க வேண்டிய வாசலும் ஆயிற்று. கணினி பயிலும் இளைஞர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: பெரிய நிரல்களை எழுதப் புகுமுன் இந்தச் சிறு பரீட்சையை உங்கள் கையாலேயே செய்து பாருங்கள். லினக்ஸ் உள்ள கணினியில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தி எழுத்து முனையத்துக்குச் செல்லுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையுங்கள். செட்லெட்ஸ் என்று தட்டி, வரும் மூன்று வரிகளையும் நிதானமாகப் படியுங்கள். பிறகு விளக்கை மட்டும் ஏற்றி, ஏதேனும் ஒரு சொல்லைத் தட்டி, விளக்குக்கும் எழுத்துக்கும் உள்ள முரணைக் கண்ணாரக் காணுங்கள். பார்த்து முடித்தபின் "செட்லெட்ஸ் -எல்" என்று இட்டு, விளக்கை அதன் பழைய கடமைக்கு மறவாமல் திருப்பி அனுப்புங்கள்.